ஒரு விரல் இடம்

அவருக்கு உள்ளங்கை என்று ஒன்று இருந்ததா என்பதே எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். எதைத் தொட்டாலும் புறங்கையால்தான் தொடுவார். பிரிண்டர், சுவிட்ச் போர்டு, டீ கிளாஸ், வெயிலில் நின்ற பைக் சீட்டு, ஒரு முறை எங்கள் மேனேஜரின் வழுக்கைத் தலைகூட. மேஜைக்கு அடியிலிருந்து மேனேஜர் திடீரென்று எழுந்ததால் வந்த வினை அது என்று இருவருமே பின்னால் ஒப்புக்கொண்டார்கள். விரல்களை மடக்கி, முயல்குட்டியின் முதுகைத் தொடுவது போல லேசாக ஒரு ஒற்று ஒற்றுவார். கண்ணை மூடுவார். பிறகு தீர்ப்பு வரும்.

"சூடு ஜாஸ்தி." அல்லது, "சூடு கம்மி."

மூன்றாவது நிலை ஒன்று உலகத்தில் இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. மேனேஜரின் தலைக்கு என்ன தீர்ப்பு என்று கேட்கிறீர்களா? ஜாஸ்திதான். வாய் தவறி அதையும் சொல்லிவிட்டார்.

ஏன் எப்போதும் புறங்கை என்று ஒரு நாள் கேட்டேன்.

"உள்ளங்கையால தொட்டு, அங்க கரண்ட் இருந்துதுன்னு வையி, கை தானா மூடிக்கும்மா. புடிச்சா வுடாது. புறங்கைன்னா கை தானா இந்தாண்ட வந்துடும்," என்றார். "நம்ம கைய நாமளே நம்பக் கூடாது."

அவர் பேரை எழுதப் போவதில்லை. எழுதினால், "பேருக்குப் பக்கத்துல கொஞ்சம் இடம் வுட்டு எழுதியிருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்பார். எங்கள் அலுவலகத்தில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. மேனேஜருக்கு அவர் "மெக்கானிக்". எனக்கு "அண்ணா". மாணவர்கள் அவருக்கு "சூடு சார்" என்று பட்டம் கட்டியிருந்தார்கள்.

வேங்கிக்காலைத் தாண்டி, வேர்க்கடலை விளைந்து கொண்டிருந்த நிலத்தில் எழும்பிய ஒரு தனியார் கல்லூரி அது. அதன் அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர். மேனேஜர், தற்காலிக கிளார்க்கான நான், ஆள் உயரத்தில் பாதி இருக்கும் ஒரு பிரிண்டர். மூன்று பேரில் மரியாதை அதிகம் பிரிண்டருக்குத்தான். அதற்கு மட்டும்தான் தனி ஃபேன் இருந்தது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைப் பார்க்க அவர் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வந்து இறங்குவார்.

"லேசர் லேசர்னு பேருதான் பெருசு. உள்ள நடக்கறது கோலமும் இஸ்திரியும்தான்," என்று வந்த முதல் நாளே எனக்குச் சொன்னார். "மொதல்ல காயிதத்து மேல கருப்புப் பொடியால கோலம் போடுது. அது உதிராம இருக்கணும் இல்ல? அதுக்கு ஒரு இஸ்திரிப் பெட்டிக்கு அடியில வுட்டு எடுக்குது. அந்த இஸ்திரிப் பெட்டிக்கு ஃப்யூசர்னு பேரு. வில்லங்கம் எல்லாம் அதுலதான்."

ஃப்யூசரின் சூடு கொதிக்கிற தண்ணீரின் சூட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவ்வளவு சூட்டைச் சுற்றி நூல் நூலாக வயர்கள் போகின்றன. வயரின் மேல்தோல் சூட்டில் இளகினால் உள்ளே இருக்கும் செம்பு வெளியே எட்டிப் பார்க்கும். பக்கத்து வயரிலிருந்தும் ஒருத்தி எட்டிப் பார்ப்பாள். இரண்டும் தொட்டுக்கொண்டால் புகை, நாற்றம், முடிந்தது கதை. இந்தக் காதலை நடக்க விடாமல் தடுப்பதே அவருடைய பிழைப்பு, தவம், பொழுதுபோக்கு எல்லாம்.

அதற்கு அவரிடம் ஒரே மந்திரம்தான் இருந்தது. எந்த வயரும் சூட்டுக்கு ஒரு விரல் தள்ளிப் போக வேண்டும். மெஷின் ஆறிய பிறகு வயருக்கும் ஃப்யூசருக்கும் நடுவில் ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்ப்பார். நுழைந்தால் முகம் மலரும். நுழையாவிட்டால் அந்த மெஷினைச் செய்தவனின் பரம்பரையையே விசாரிப்பார். பிறகு வயரை வேறு வழியில் திருப்பி, கிளிப்பில் பிடித்து, கண்ணாடி நூலில் பின்னிய வெள்ளைக் குழாயை அதற்குச் சட்டை மாதிரி மாட்டி, சூடு தாங்கும் மஞ்சள் டேப்பைச் சுற்றி, மறுபடி விரலை விட்டுப் பார்ப்பார். பிள்ளைக்குச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புகிற தாய்கூட அத்தனை முறை திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள்.

இந்தச் சாமான்களை எல்லாம் ஒரு நாலு அடுக்கு டிபன் கேரியரில்தான் கொண்டு வருவார். அடியில் ஸ்க்ரூவும் கிளிப்பும். அடுத்ததில் வெள்ளைக் குழாய். மூன்றாவதில் மஞ்சள் டேப். மேல் அடுக்கில் சோறு. ஒரு நாள் மதியம் அடுக்கைப் பிரித்து வைத்திருந்தபோது எங்கள் மேனேஜர் எட்டிப் பார்த்தார். சாப்பாட்டு விஷயத்தில் அவருக்குக் கூச்சம் கிடையாது. "இன்னா மெக்கானிக், இடியாப்பமா?" என்று ஆசையாக இரண்டாவது அடுக்கில் கையை விட்டுவிட்டார். கண்ணாடி நூல் சும்மா இருக்குமா? சாயந்திரம் வரைக்கும் சொறிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார்.

பெண் பார்க்கப் போன கதையை அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெண் காபித் தட்டோடு வந்து நிற்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் பெண்ணைப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் பெண்ணுக்குப் பின்னால், சமையல்கட்டுக்குள் பார்க்கிறார். அங்கே மிக்ஸி வயர் எரிகிற அடுப்பின் மேல் ஊஞ்சல் கட்டியது போலத் தொங்குகிறது. மனுஷர் எழுந்தார். பெண்ணைச் சுற்றிக்கொண்டு நேரே சமையல்கட்டுக்குள் போனார். பெண்ணின் அத்தை "இன்னாங்க இது!" என்று கூவ, இவர் அடுப்பை அணைத்து, வயரைப் பிடுங்கி, சுவரோரமாகச் சுற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, "இப்ப காபி குடுங்க" என்றாராம்.

"சம்பந்தம் முறிஞ்சிருக்குமே அண்ணா," என்றேன்.

"முறியத்தான் பாத்துது. அந்தப் பொண்ணு சிரிச்சிட்டா. ஒரு மாசமா சொல்றேன் இந்த வயர, எங்க வூட்ல ஒருத்தரும் கேக்கலன்னு சொன்னா. அப்பறம் வேற பொண்ணு எதுக்குப் பாக்கறது?"

கார்த்திகை தீபத்தன்று கல்லூரி மொட்டை மாடியில் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சிரிப்பு வருவது. அங்கிருந்து மலை முழுசாகத் தெரியும். வேலைக்கு வந்த அவரையும் இழுத்துக்கொண்டு எல்லோரும் மேலே போயிருந்தோம். பொழுது சாயும் நேரம். உச்சியில் தீபம் எரிந்ததும் ஊரே "அரோகரா" என்று அதிர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இவரும் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமலே என் பக்கம் சாய்ந்து கவலையோடு கேட்டார்.

"அங்க மேல வயர் எதுவும் கிட்டக்கப் போவலயேம்மா?"

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் அவருடைய ஸ்லிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு சர்வீஸ் ஸ்லிப் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்குவார். அதில் "பழுதின் காரணம்" என்று ஒரே ஒரு வரி. அந்த வரியில் பொய் எழுத அவருக்கு வராது. வந்த புதிதில் பிரிண்டர் அடிக்கடி நின்றுபோய்க் கொண்டிருந்தது. மேலே காற்றுப் போகிற சல்லடையின் மீது மேனேஜர் தன் காபி ஃபிளாஸ்க்கை வைத்திருந்ததுதான் காரணம். அனல் வெளியேற வழியில்லை. இவர் ஸ்லிப்பில் எழுதினார்: "காரணம்: ஃபிளாஸ்க்." அந்த அலுவலகத்தில் இருந்ததே ஒரு ஃபிளாஸ்க். மேனேஜர் முகம் கருத்துக் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் வெளியே போனதும் நான் கிண்டலாக, "யாரோட ஃபிளாஸ்க்குனு எழுதலியேண்ணா?" என்றேன்.

"ஆள எழுதறதுக்கு இதுல எடம் இல்லம்மா. பொருள் சூடானா நம்ம வேலை. ஆள் சூடானா அது அவங்க அவங்க வூட்டு விஷயம்."

மேனேஜர் சூடாகிற ஆள்தான். ஒரு மாணவன் பிரிண்டரைத் திறந்து உள்ளே ஸ்டேப்ளர் பின்னைப் போட்டுவிட்ட அன்று சட்டம் போட்டார். மெக்கானிக்கைத் தவிர யாரும் பிரிண்டரைத் திறக்கக் கூடாது. மாணவன் திறந்தால் அபராதம். ஊழியர் திறந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பேப்பரில் அடித்து, அந்தப் பிரிண்டர் மேலேயே ஒட்டியும் வைத்தார். அடித்தது நான்.

எனக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்றால், வீட்டில் எனக்குக் கொடுத்திருந்த கெடு அப்படி. அந்த வருஷக் கடைசிக்குள் வேலை நிரந்தரமானால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போடலாம். ஆகாவிட்டால் தை மாதம் என் கழுத்தில் மாலை. மாமன் மகன் தயாராக இருந்தார். நல்லவர்தான், நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். ஆனால் அவருக்கு என்னிடம் பேச இருந்த விஷயமும் நெல் அறுக்கும் மெஷின் ஒன்றுதான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு புரட்டாசி மதியம் பிரிண்டரில் காகிதம் மாட்டிக்கொண்டது. மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். காகிதத்தின் நுனி பின்கதவு இடுக்கில் தெரிந்தது. சட்டத்தைப் படித்தேன். நானே அடித்த சட்டம். திறந்தேன். காகிதத்தைப் பிடித்து இழுத்தேன். அது வரும்போது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கிளிப்பையும் கூட்டிக்கொண்டு வந்தது, கால் ஒடிந்து. காகிதம் வெளியே வந்ததா என்று பார்க்கிற சென்சாருக்குப் போகும் வயரை அதுதான் பிடித்து வைத்திருந்தது. இப்போது வயர் தொளதொளவென்று காகிதம் போகும் வழியில் தொங்கியது.

அன்று வெள்ளிக்கிழமை. கல்லூரிப் பெண்கள் எல்லோரும் உதிரி மல்லி வாங்கி வந்து என் மேஜையில் கொட்டுவார்கள், நான் மதிய இடைவேளையில் கட்டித் தருவேன். அதற்காக என் பையில் எப்போதும் ஒரு கட்டு வாழைநார் இருக்கும். அன்று அது தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. வேறு யோசனையே வரவில்லை. ஈர நாரில் ஒரு இழை கிழித்து, தொங்கிய வயரைப் பக்கத்தில் இருந்த தகட்டோடு சேர்த்து, மல்லிச் சரத்துக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டேன். ஓட்டையில் மாட்டியிருந்த கிளிப்பின் ஒடிந்த காலையும் ஹேர்பின்னால் நோண்டி எடுத்துவிட்டேன். திருடன் கூட அவ்வளவு சுத்தமாகத் தடயம் அழிக்க மாட்டான். கிளிப்பை என் பொட்டு டப்பாவில் போட்டு மூடினேன். பிரிண்டர் ஜம்மென்று ஓடியது. நானே பாதி மெக்கானிக் ஆகிவிட்ட மாதிரி எனக்கு ஒரு மிதப்பு.

நான் கட்டிய அந்தத் தகடு ஃப்யூசரின் மூடி.

நாரை நனைத்துக் கட்டினால் காயக் காய முடிச்சு இறுகும். பூவுக்கு அது நல்லது. வயருக்கு? நாளுக்கு நாள் அது சூட்டோடு நெருங்கிக்கொண்டே போயிருக்கிறது. தினமும் பத்து, இருபது காகிதம் அடித்தவரை ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து, திங்கட்கிழமை தேர்வு என்று, ஒரு சனிக்கிழமை காலை மொத்தக் கல்லூரிக்கும் ஹால் டிக்கெட் அடிக்கத் தொடங்கினோம். பாதியைத் தாண்டியதும் ஒரு நாற்றம் வந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம், கூடவே கொல்லையில் காய்ந்த வாழைச் சருகு எரிகிற மாதிரி இன்னொன்று. பிரிண்டர் ஒரு முறை விக்கி, நின்றது.

போன் போட்ட ஒரு மணி நேரத்தில் அவர் வந்தார். புறங்கையை வைத்தார். "சூடு ஜாஸ்தி" என்றார். ஆறும்வரை காத்திருந்து பின்கதவைத் திறந்தார். மேனேஜர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இன்னா ஆச்சி? எப்ப சரியாவும்? யார் தொறந்தது?" என்று கேள்வியை மூன்று மூன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பொட்டு டப்பா இருந்த பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் இதயம் துடித்த துடிப்பில் பக்கத்தில் யாராவது புறங்கையை வைத்திருந்தால் ஜாஸ்தி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

உள்ளே குனிந்தவர் அப்படியே அசையாமல் நின்றார். பிறகு கையை விட்டு எதையோ மெதுவாகப் பிரித்தார். கருகிச் சுருண்ட நார். முடிச்சு மட்டும் கெட்டியாக இருந்தது. அதை மூக்கின் அருகே கொண்டுபோனார். மேனேஜருக்குத் தெரியாமல் சட்டைப் பையில் போட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாததால்தான் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அவர் டார்ச்சை அடித்து, கிளிப் இருக்க வேண்டிய காலி ஓட்டையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மளமளவென்று வேலை நடந்தது. கருகிய துண்டை வெட்டிப் புது வயர் சேர்த்தார், வெள்ளைக் குழாய் மாட்டினார், புதுக் கிளிப் போட்டார், விரலை விட்டுப் பார்த்தார். ஆனால் முகம் மலரவில்லை. ஸ்லிப்பை எடுத்து எழுதி மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர் உரக்கப் படித்தார்.

"காரணம்: வயர் பிடிக்கும் கிளிப் இல்லை. போன முறை குழாய் மாட்டுவதற்காக அதைக் கழற்றியவன் நான். திரும்ப மாட்டவில்லை."

அவர் எழுதிய ஸ்லிப்புகளில் ஒரு ஆள் இருந்தது அது ஒன்றில்தான்.

மேனேஜர் பிடித்துக்கொண்டார். "இன்னா மெக்கானிக் நீங்க? திங்கக்கெழம பசங்களுக்கு எக்ஸாம். தீப்புடிச்சிருந்தா யாரு பதில் சொல்றது? ஊருக்கெல்லாம் ஒரு விரல் ஒரு விரல்னு பாடம் எடுக்கத் தெரியுது. இனிமே நீங்க வர வேணாம். நாங்க வேற ஆளு பாத்துக்கறோம்."

அவர் டிபன் கேரியரை அடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

எனக்காகப் பொய் எழுதிவிட்டார்! பொய்யே எழுத வராத மனுஷர்! எனக்கு ஆனந்தமாகவும் இருந்தது, செத்துவிடலாம் போலவும் இருந்தது. இரண்டு நிமிஷம் பொறுத்தேன். மூன்றாவது நிமிஷம், "சார், கேண்டீன் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பையோடு ஓடினேன்.

பஸ் ஸ்டாப்பில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மத்தியான வெயிலில் காய்ந்த பெஞ்சு. புறங்கையை வைத்துப் பார்க்காமலே அதில் உட்கார்ந்துவிட்டார் என்று அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"ஏண்ணா எனக்காகப் பொய் எழுதினீங்க?"

நிமிர்ந்து பார்த்தார். "பொய்யா? நான் எப்பம்மா பொய் எழுதினேன்? நார எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கினேன், அது நெசம். வயர் தொங்குதேன்னு பாவப்பட்டு நீ கட்டியிருக்க, அது குத்தமா? கிளிப்ப வுட்டவன் நான். இருவது வருசமாக் கண்டவங்கிட்ட எல்லாம் புத்தி சொல்லிக்கினு திரியறேன். நானே ஒரு வயரத் தொங்க வுட்டுட்டு வந்திருக்கேன் பாரு." பக்கத்தில் இருந்த கேரியரைப் பார்த்தார். "காலையில எந்திரிச்சி எந்தக் கையால இனிமே கேரியரத் தூக்குவேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷர் பொய் எழுதவில்லை. மறந்தது தான்தான் என்று முழுசாக நம்பிவிட்டார். பொட்டு டப்பாவைத் திறந்து கிளிப்பை நீட்டினேன்.

அவர் அதை வாங்கிக்கொண்டார், உள்ளங்கையில். அன்றுதான் அதைப் பார்த்தேன். எல்லோருக்கும் இருக்கிற மாதிரி ரேகை ஓடின சாதாரண உள்ளங்கைதான்.

"கால் ஒடஞ்சிருக்குதே," என்றார்.

"நான்தான் ஒடச்சேன். ரெண்டு மாசம் இருக்கும். பேப்பரப் புடிச்சி இழுத்தேன்."

"மாட்டியிருந்த கிளிப்பா?"

"நல்லா அழுத்தமா மாட்டியிருந்துதுண்ணா."

"அப்ப நான் மாட்டியிருக்கேன்!" குதித்து எழுந்தார். கிளிப்பைத் தூக்கிப் பிடித்தார். பக்கத்தில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த பாயிடம் காட்டினார். "நான் மாட்டியிருக்கேன் பாய்!" பாய் ஒன்றும் புரியாமல் "நல்லது, நல்லது" என்றார். கீழ்பென்னாத்தூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டினார். "நான் மறக்கலீங்க!" என்று இவர் கத்தினார். "மறக்காம ஏறுங்க" என்றார் கண்டக்டர். இவர் ஏறவில்லை. சிரித்துக்கொண்டே நின்றார். பஸ் போய்விட்டது. எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. வேலை போகப் போகிற இருவர், நடு ரோட்டில் ஒரு ஒடிந்த கிளிப்பைப் பார்த்து அப்படிச் சிரித்திருக்கிறோம்.

திடீரென்று அவர் சிரிப்பை நிறுத்தினார். "ஐயையோ. ஸ்லிப்பு தப்பாயிடிச்சேம்மா."

கேரியரைத் தூக்கிக்கொண்டு கல்லூரியைப் பார்த்து விடுவிடென்று நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஓடிப் போய்க் கேரியரின் பிடியைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணா, நில்லுங்க! என் வேலை போயிடும். தையில கல்யாணம் பண்ணி வச்சிடுவாங்க!"

"மாப்ள இன்னா பண்றாரு?"

"நெல்லு அறுக்கற மெஷின் ஓட்றாரு."

"மெஷின நல்லா வச்சிருக்காரா?"

"அண்ணா!"

நின்று யோசித்தார். "உன்னப் பத்தி ஒரு வார்த்த எழுத மாட்டேன். என் வரிய மட்டும் அடிச்சிட்டு வந்துடறேன். தப்பான ஸ்லிப்பு ஒண்ணு ஃபைல்ல இருந்தா ராத்திரி தூக்கம் வராதும்மா எனக்கு."

அவர் வரியை அடித்தால் மேனேஜர் அடுத்த கேள்வி கேட்பார். அந்த அறையில் பிறகு மிச்சம் இருப்பது நான்தான். ஆனால் அவர் பேர் அந்த வரியில் கிடக்க, நான் நிரந்தர வேலையில் உட்கார்ந்து ஹால் டிக்கெட் அடிப்பதை நினைத்துப் பார்த்தேன். மாமன் மகனே மேல் என்று தோன்றியது.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானே சொல்றேன்," என்றேன். சொன்ன பிறகு தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்த மாதிரி லேசாக இருந்தது.

அலுவலகத்துக்குள் நுழைந்தோம். பிரிண்டரின் பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. ஒரு ஹால் டிக்கெட் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மேனேஜர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த மோர் டம்ளர் மேஜையில் இருந்தது. வலது கையின் இரண்டு விரல்கள் டம்ளருக்குள் இருந்தன.

அண்ணன் நேரே பிரிண்டரிடம் போய்ப் புறங்கையை நீட்டினார். "சூடு ஜாஸ்தி." திரும்பி மோர் டம்ளரைப் பார்த்தார்.

"கதவத் தொறந்ததும் மேலாக்க இருக்கற தகட்டப் புடிச்சிட்டீங்களா சார்?"

"பேப்பர் மாட்டிக்கிச்சி," என்றார் மேனேஜர். சின்னப் பையன் குரலில் சொன்னார். "இந்தப் பொண்ணும் கேண்டீன் போயிடிச்சி. திங்கக்கெழம எக்ஸாம் ஆச்சேன்னு..."

அவர் தலைக்கு நேர் பின்னால், பிரிண்டர் மீது, நான் அடித்த சட்டம் ஒட்டியிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு இருக்கிறதே!

நான் கிளிப்பை மேஜை மேல் வைத்தேன். "இது உள்ள இருந்த கிளிப் சார். அண்ணா மாட்டித்தான் வச்சிருந்தாரு. பேப்பர் எடுக்கறேன்னு நான்தான் ஒடச்சேன். அப்பறம் வயர நாரால கட்டினதும் நான்தான்."

மேனேஜர் கிளிப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியில் டம்ளரைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தபோது இடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நாரா?" என்றார். "பூ கட்டற நாரா?"

"ஆமா சார். நனைச்சிக் கட்டினேன்."

முதலில் வந்தது ஒரு தும்மல் போன்ற சத்தம். பிறகு மேஜை ஆடியது. மோர் தளும்பியது. மூன்று வருஷத்தில் அந்த மனுஷர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரிக்கிறார், விரலை வெளியே எடுக்கிறார், "ஆ" என்கிறார், மறுபடி மோருக்குள் விடுகிறார், மறுபடி சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அண்ணன் மட்டும் காரியத்தில் கண்ணாகப் புது ஸ்லிப் எழுதிக்கொண்டிருந்தார்.

"யோவ், அதுல மோருன்னு ஒண்ணும் எழுதிடாத," என்றார் மேனேஜர்.

"மோர் காரணம் இல்ல சார். அது மருந்து."

படித்துக் காட்டினார். "காரணம்: கிளிப் உடைந்திருந்தது. புதியது மாட்டப்பட்டது. வயருக்கு ஒரு விரல் இடம் விடப்பட்டது."

அவ்வளவுதான். அதில் நான் இல்லை. அவரும் இல்லை. மேனேஜரும் இல்லை. மேனேஜர் இடது கையால் பேனாவைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போலக் கையெழுத்துப் போட்டார். பழைய ஸ்லிப்பை அண்ணன் நாலாகக் கிழித்துக் கேரியரின் அடி அடுக்கில் போட்டார். பிரிண்டர் மேல் ஒட்டியிருந்த சட்டத்தை மேனேஜர் கிழித்ததாக நினைவில்லை. ஆனால் திங்கட்கிழமை அது அங்கே இல்லை.

அந்தக் கல்லூரியில் இப்போது நான் சீனியர் கிளார்க். தை மாதம் எனக்கு மாலை விழவில்லை. பிரிண்டர் இரண்டு முறை மாறிவிட்டது. அண்ணன் தன் மகளோடு ஓசூர்ப் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. அங்கே எத்தனை சமையல்கட்டில் புகுந்து வயரை எடுத்தாரோ, தெரியாது. எங்கள் ஃபைலைப் பார்க்க வருகிறவர்கள் அந்தக் கோணல் கையெழுத்தைக் காட்டி, "இது யாரும்மா போட்டது?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று வாரம் கழித்து என் நிரந்தர ஆர்டரில் விழுந்த கையெழுத்தும் கொஞ்சம் கோணல்தான். விரல் அப்போதும் முழுசாக ஆறவில்லை.

அன்றைக்கு மிச்சம் இருந்த ஹால் டிக்கெட் அத்தனையும் அடித்து முடிக்கும்வரை அண்ணன் போகவில்லை. கடைசித் தாளை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேரியரைத் தூக்கினார். வாசல்வரை போனவர் எதையோ மறந்தது போலத் திரும்பி வந்தார். மேனேஜரின் மேஜை அருகில் நின்று, விரல்களை மடக்கி, மோர் டம்ளரைப் புறங்கையால் ஒரு ஒற்று ஒற்றினார். கண்ணை மூடினார். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புக்காகக் காத்திருந்தோம்.

"சூடு கம்மி சார்," என்றார்.